இரண்டாம் செயலி குற்றவாளியா?

இரண்டு செயலிகள் பொருத்திய பழைய மேசைக் கணினி ஒன்று அடிக்கடி உறைந்து நிற்கிறது. லினக்ஸ் தொடங்கும்போது 'நோஎஸ்எம்பி' என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, ஒரே செயலியில் ஓடவிட்டால் நாள்கணக்கில் நிற்காமல் ஓடுகிறது. உடனே மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது: இரண்டாம் செயலிதான் கெட்டது. ஒன்றை விலக்கியதும் கேடு நின்றால், விலக்கப்பட்டதே கேட்டுக்குக் காரணம் என்ற இந்த அனுமானம் கணினியோடு நிற்பதில்லை. வீட்டிலும் ஊரிலும் மனிதர்களை விலக்கி வைப்பதற்கும் இதே நியாயம்தான் சொல்லப்படுகிறது. அது செல்லாத அனுமானம் என்பது என் துணிபு. அதைச் சோதிக்கப் பழைய கணினி நல்ல களம். அங்கே ஒவ்வொரு உறுப்பையும் தனியே கழற்றி வைத்துக் கேள்வி கேட்க முடியும்; மனிதர்களிடம் அப்படி முடியாது.

1999இல் அபிட் நிறுவனம் பிபி6 என்ற மதர்போர்டை வெளியிட்டது. இன்டெலின் மலிவு விலைச் செயலியான செலரான், இருவராகச் சேர்ந்து உழைப்பதற்கென்று விற்கப்பட்டதல்ல. ஆனாலும் அந்தத் திறன் அதற்குள் இருந்தது. பிபி6 இரண்டு செலரான்களை அருகருகே உட்காரவைத்தது. ஆர்வலர்கள் 366 மெகாஹெர்ட்ஸ் செயலிகளை 550 வரை விரட்டி ஓட்டினார்கள். அந்தப் பலகையில் லினக்ஸ் ஓட்டியவர்கள் திரும்பத் திரும்பக் கண்ட செய்தி 'ஏபிக் பிழை 02'. இரு செயலிகளும், ஓடும் வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் செய்திகளைப் பரிமாறிக்கொண்டது மூன்று கம்பிகள் கொண்ட ஒரு மெல்லிய பாதையில். ஒவ்வொரு செய்தியோடும் ஒரு சரிபார்ப்புத் தொகை போகும். 02 என்றால், வந்து சேர்ந்த செய்தியின் தொகை ஒத்துப்போகவில்லை என்று பொருள். அனுப்பியவர் தவறியிருக்கலாம், கம்பியில் மின்னிரைச்சல் ஏறியிருக்கலாம், மின்னழுத்தம் தாழ்ந்திருக்கலாம், வேகம் அளவு மீறியிருக்கலாம். பிழைச் செய்தியில் அச்சாவதோ அதைப் பெற்றுக்கொண்ட செயலியின் எண். முறையிட்டவர் பெயரே குற்றவாளியின் பெயராகப் படிக்கப்பட்டுவிடுகிறது.

இத்தகைய தவறான அனுமானத்தில் ஒளிந்திருப்பதற்கு நியாய தரிசனத்தார் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம். அதைத் திருப்பி, நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு என்றால் பொய்த்துவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகு சேர்ந்தால்தான் புகை. சொல்லப்படாமல் உள்ளே ஒளிந்திருக்கும் அந்த நிபந்தனைதான் உபாதி. ஈர விறகை மட்டுமே எரித்து வளர்ந்தவருக்கு அது கண்ணில் படாது. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் நடந்ததும் இதுதான். ஒரு செயலிக் காலத்தில் டிரைவர் எழுதியவர், பொதுவான தரவைத் தொடுமுன் இன்டரப்டுகளை அடைத்துவிடுவார். அடைத்தபின் குறுக்கே யாரும் வர முடியாது என்பது அவர் நம்பிக்கை. எத்தனை முறை ஓட்டினாலும் அது பொய்க்கவில்லை, ஏனென்றால் செயலி ஒன்றே ஒன்று என்ற ஈர விறகு எப்போதும் கூடவே இருந்தது. இரண்டாம் செயலி வந்ததும் நிலைமை மாறியது. ஒரு செயலி தன் வாசலைத்தான் அடைக்க முடியும், பக்கத்து வாசல் திறந்தே கிடக்கும். எண்ணிக்கை 5 என்று இருக்கும்போது இருவரும் அதைப் படிக்கிறார்கள், இருவரும் ஒன்று கூட்டுகிறார்கள், இருவரும் 6 என்று எழுதுகிறார்கள். 7 வரவேண்டிய இடத்தில் ஒன்று காணாமல் போய்விட்டது. முதல் செயலி தவறு செய்யவில்லை, இரண்டாவதும் செய்யவில்லை, நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எவரிடமும் தனியே இல்லாத கேடு, அவர்கள் கூடிய இடத்தில் பிறந்திருக்கிறது. பௌத்தர்கள் சார்பில் தோன்றுதல் என்று சொன்னதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சார்பு, சேர்க்கை என்றெல்லாம் சுற்றாமல் காலவரிசையைப் பார்த்தால் போதாதா, முந்தி நடந்ததுதானே காரணம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இரு செயலிகளுக்கும் பொதுவான ஒரே வரிசை இருக்கிறது என்று அது முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது. ஒரு செயலி எழுதும் மதிப்பு உடனே நினைவகத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. அதன் சொந்தக் காத்திருப்பு அறையில் சற்று நிற்கும். இரண்டு பெட்டிகளிலும் சுழியம் இருக்கிறது என்று கொள்வோம். முதல் செயலி தன் பெட்டியில் 1 எழுதிவிட்டு மற்றதன் பெட்டியைப் பார்க்கிறது. இரண்டாவதும் அப்படியே செய்கிறது. இருவருமே மற்றவர் பெட்டியில் சுழியத்தைக் காண இன்டெல் வகைச் செயலிகளின் விதியே இடம் தருகிறது. இருவரும் 'நானே முந்தினேன்' என்று சாட்சி சொல்வார்கள், இருவரும் தாம் கண்டதையே சொல்வார்கள். 1978இல் லெஸ்லி லாம்போர்ட், தனித்தனியே இயங்கும் கணினிகளுக்கிடையே சில நிகழ்வுகளில் எது முந்தியது என்று சொல்லவே இயலாது என்று காட்டினார். ஒரு பலகைக்குள் அமர்ந்த இரு செயலிகளுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும்.

இன்னொரு வாதம் சோதனையை நம்பியது. ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம், கேடு வரவில்லை, ஆகவே இல்லை. மணிமேகலையில் அளவைவாதி சொல்லும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று. இன்மையும் அறிவு தரும் என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் பாட்ட மீமாம்சகர் அதற்கொரு கட்டுப்பாடு விதித்தார்கள். இருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்ற தகுதி உள்ள இடத்தில்தான் காணாமை இன்மைக்குச் சான்று. இருட்டறையில் குடத்தைக் காணாதவர் குடம் இல்லை என்று சொல்லக் கூடாது. மூன்று நாளுக்கொரு முறை வரும் கேட்டை ஒரு மணி நேரத்தில் தேடுவதும் இருட்டறைத் தேடல்தான். அதோடு, கேட்டைப் பிடிக்க நிரலுக்குள் ஓர் அச்சுக் கட்டளை சேர்த்தால், அந்தச் சிறு தாமதமே இரு செயலிகளின் சந்திப்பைத் தள்ளிவைத்துவிடும், கேடு மறைந்துவிடும். பார்க்கப்போனால் ஒளிந்துகொள்ளும் இத்தகைய வழுக்களை ஜிம் கிரே 1985இல் எழுதிய கட்டுரையில் 'ஹைசன்பக்' என்ற பெயரால் குறித்தார்.

வலுவான மறுப்பு வன்பொருளிலிருந்து வருகிறது. அந்தக் காலத்து மதர்போர்டுகள் பலவற்றில் கெபாசிட்டர்கள் உப்பி, கசிந்து, செத்துப்போயின. அங்கே காரணம் ஒரே பொருள்தான், கையில் எடுத்துக் காட்டலாம் என்பார்கள். உண்மை. உப்பிய கெபாசிட்டரை மாற்றத்தான் வேண்டும், தத்துவம் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் அந்தக் கணினியிலும் இரண்டாம் செயலியை நிறுத்திப் பாருங்கள். மின்சுமை குறையும், சோர்ந்த கெபாசிட்டர் தாக்குப்பிடிக்கும், உறைதல் நிற்கும். பொதுத் தரவுக்கு ஒரு நேரத்தில் ஒருவரையே விடும் பூட்டு இல்லாத நிரல், இரைச்சல் ஏறிய கம்பி, சோர்ந்த கெபாசிட்டர் ஆகிய மூன்றுக்கும் ஒரே மருந்து கேட்கிறது. மூன்றிலும் விலக்கப்பட்ட செயலி குற்றமற்றது. நோய் தணிந்ததை வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது என்பதற்கு மறுப்பாளர்கள் கொண்டுவந்த சான்றே துணைநிற்கிறது.

எல்லாம் சேர்க்கையால் என்றால் யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடாதா? ஆகாது. குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவர் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்தம் பிரிக்கிறது. குடம் ஒழுகினால் மண்ணும் சக்கரமும் பதில் சொல்லா. அறிந்து கூட்டியவர்தான் சொல்லவேண்டும். லினக்ஸை ஆக்கியவர்கள் அந்தப் பொறுப்பை ஏற்றார்கள். 1996 ஜூனில் வந்த 2.0 பதிப்பு, பழைய நிரல்களின் நம்பிக்கை உடையாதிருக்க, ஒரு நேரத்தில் ஒரே செயலி மட்டும் கெர்னலுக்குள் நுழையும்படி ஒரு பெரும் பூட்டைப் போட்டது. பிறகு அதைச் சிறிது சிறிதாகக் கழற்றினார்கள். ஒவ்வொரு இடத்திலும் இந்த நிரல் சொல்லாமல் எதை நம்பி நிற்கிறது என்று கேட்டு, அதற்கேற்ற சிறு பூட்டை எழுதவேண்டியிருந்தது. 2011 மே மாதம் 2.6.39 வெளிவந்தபோதுதான் அந்தப் பெரும் பூட்டு கெர்னலிலிருந்து முழுதாக நீங்கியது. பதினைந்து ஆண்டுகள் பிடித்தன. அதற்காக இரண்டாம் செயலியை எவரும் கழற்றிப் போடவில்லை.