இரண்டு விசாரிப்புகள்

சேலையூரில் எங்கள் அபார்ட்மென்ட்டின் ராத்திரி வாட்ச்மேன் அறுபதைத் தொட்டவர். வேலூர் பக்கத்துக்காரர். கடைசி எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடித்து தாம்பரத்தில் இறங்கி, நான் வீடு வந்து சேரும்போது கேட்டைத் திறந்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். "எனக்கெல்லாம் எதுக்குண்ணே?" என்றால், "கை பழகிப்போச்சு சார்" என்பார்.

போன தீபாவளிக்கு, சாயங்காலம் பிள்ளைகள் ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். மனிதரைக் காணோம். தேடிப் போனால், மோட்டார் ரூமுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "வெளியில கொசு சார்" என்றார். எங்கள் அபார்ட்மென்ட்டிலேயே கொசு அதிகம் இருப்பது அந்த மோட்டார் ரூமில்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

வெடிச் சத்தம் அடங்கிய பிறகு அவரே சொன்னார். "மெட்ராஸ் ரெஜிமென்ட் சார். எண்பத்தேழுல யாழ்ப்பாணம் போனோம். தமிழ் தெரியும்னு என்னைத்தான் முன்னாடி அனுப்புவாங்க. வீடு வீடா போயி 'எல்லாரும் வெளிய வாங்க'ன்னு சொல்லணும். ஒரு பாட்டி என் மூஞ்சியவே பார்த்துச்சு. 'நீ தமிழோ மோனை?'ன்னு கேட்டுச்சு. மோனைன்னா மகனேன்னு அர்த்தமாம். அப்புறம்தான் தெரிஞ்சுது. ஆமான்னு சொன்னா, பின்ன எதுக்கு இங்க வந்தேன்னு கேக்கும். இல்லைன்னா பொய். பேசாம நின்னேன்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் சொன்னார். "தொண்ணூறுல மெட்ராஸ் ஹார்பர்ல வந்து இறங்கினோம். லீவுல ஊருக்குப் போகையில, டீக்கடையில ஒருத்தர் எங்கேர்ந்து வர்றேன்னு கேட்டார். அஸ்ஸாம்னு சொல்லிட்டேன்."

இன்றைக்கு 'அமைதிப்படை' என்றால் நம்மில் பலருக்கு 1994ல் வந்த சத்யராஜ் படம்தான் ஞாபகம் வரும். நிஜ அமைதிப்படை, 1987 ஜூலை 29ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு இலங்கைக்குப் போனது. காவலுக்குப் போன படை, அக்டோபரில் புலிகளோடு சண்டையில் இறங்கியது. இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அப்பாவித் தமிழர்களும் ஏராளமாகச் செத்தார்கள். அந்த வருஷத் தீபாவளி அன்று, அக்டோபர் 21ல், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் படை நுழைந்தது. மறுநாளுக்குள் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபது, எழுபது பேர் பிணமானார்கள். உள்ளேயிருந்து சுட்டார்கள், இரு தரப்புச் சண்டையில் நடுவில் சிக்கிக்கொண்டார்கள் என்றது ராணுவத் தரப்பு. அப்படி இல்லை, கண்ணெதிரே சுட்டார்கள் என்றார்கள் உயிர் தப்பியவர்கள்.

1990 மார்ச்சில் படை திரும்பியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்பது அவர் நியாயம். தேசத்தின் ராணுவத்தை அவமதித்துவிட்டார் என்பது எதிர்த் தரப்பு நியாயம். நான் அப்போது ஏழாம் வகுப்பு. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "சரியாத்தான் செஞ்சிருக்காரு" என்றார். எனக்கும் சரி என்றே பட்டது. இன்றைக்கும் பாதி அப்படித்தான் படுகிறது.

மீதிப் பாதிதான் மோட்டார் ரூமுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

தப்பான போருக்குப் போய்த் திரும்பியவனை என்ன செய்வது? 'அவன் என்ன செய்வான், உத்தரவு போட்டது டெல்லி' என்று சொல்லலாம். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவரைச் சுட்டவனுக்கும் அதே வாசகம் பொருந்திவிடுமே? அப்புறம் உலகத்தில் குற்றவாளியே இருக்கமாட்டான். சரி, 'படையில் இருந்த எல்லோருமே குற்றவாளி' என்று சொல்லலாமா? பாட்டிக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்ற இருபத்தோரு வயதுப் பையனையும் அந்தப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனசு வரவில்லை.

அமெரிக்காவும் இதில் தடுமாறியது. வியட்நாமிலிருந்து திரும்பியவர்களை என்ன செய்வதென்று அந்த நாட்டுக்குத் தெரியவில்லை. தூக்கம் வராமல், பட்டாசுக்குப் பதறிய அவர்களின் அவஸ்தைக்கு, அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980ல்தான் தங்கள் நோய்ப் பட்டியலில் ஒரு பெயர் கொடுத்தார்கள். 1982ல் வாஷிங்டனில் ஒரு கறுப்புச் சுவர் எழும்பியது. வெற்றி என்றோ வீரம் என்றோ பெரிதாக முழங்காமல், செத்துப்போன ஐம்பத்தெட்டாயிரம் பேரின் பெயர்களை வரிசையாகச் செதுக்கிய சுவர். போர் சரியா தப்பா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. அந்தச் சுவரில் ஒரு வியட்நாமியர் பெயர்கூட இல்லை.

நான் படித்தது பி.காம். வரவையும் பற்றையும் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதினால் எங்கள் அக்கவுண்டன்சி வாத்தியார் நோட்டைத் தூக்கி எறிவார். "ரெண்டையும் தனித்தனியா காட்டுடா. கழிச்சுட்டா என்ன நடந்துச்சுன்னு எவனுக்கும் தெரியாது" என்பார். நாம் அதைத்தான் செய்தோம். ஒரு கூட்டம் ராணுவத் தியாகத்தைக் காட்டி ஆஸ்பத்திரியைக் கழித்தது. இன்னொரு கூட்டம் ஆஸ்பத்திரியைக் காட்டி வாட்ச்மேனைக் கழித்தது. மிச்சம் சைபர்.

தமிழில் 'விசாரிப்பது' என்று ஒரே சொல்தான். குற்றத்தையும் விசாரிக்கிறோம், சௌக்கியமா என்றும் விசாரிக்கிறோம். அமைதிப்படை விஷயத்தில் நாம் இரண்டையுமே செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று இந்தியாவில் ஒரு பொது விசாரணைக் கமிஷன் அமைக்கவில்லை. திரும்பி வந்தவர்களிடம், ராத்திரி தூக்கம் வருகிறதா என்றும் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அதைக் கொள்கை என்று நினைத்துக்கொண்டோம். நிஜத்தில் அது சௌகரியம். குற்றத்தை விசாரித்தால் டெல்லிக்குச் சங்கடம். சௌக்கியம் விசாரித்தால் நமக்குச் சங்கடம்.

தினமும் பரங்கிமலை ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறேன். அங்கே ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தின் அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் பரமேஸ்வரன் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே பயிற்சி பெற்று, 1987 நவம்பர் 25ல் இலங்கையில் உயிர்விட்டு, பரம்வீர் சக்ரா பெற்றவர். கொழும்பை ஒட்டிய ஜெயவர்த்தனபுரக் கோட்டையில்கூட அமைதிப்படைக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. செத்தவர்களைக் கல்லில் எழுதுவது சுலபம். உயிரோடு வந்தவன் பேசுவான். அதுதான் கஷ்டம்.

நேற்று ராத்திரி, சல்யூட் முடிந்ததும் கேட்டேன். "அந்தப் பாட்டி வீட்டுல அப்புறம் என்னண்ணே ஆச்சு?"

ரொம்ப நேரம் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"கேக்கறதா இருந்தா முழுசா கேக்கணும் சார். பாதியில எந்திரிச்சுப் போகக் கூடாது."