விருந்தும் மொழியும்

பிறமொழியைக் கற்றவர் அம்மொழி பேசுவோரை மதிக்கவும் கற்றவராவாரா? பேராவின் இரப்பர்த் தோட்ட வரலாறு இவ்வினாவை எழுப்புகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் தோட்டத்துரைமார் தமிழ் கற்றனர். 1919இல் தோன்றிய அவர்தம் சங்கம் அதற்குத் தேர்வும் நடத்தியது. ஆயினும் அவர்கள் கற்றது பெரும்பாலும் ஏவல் தமிழே. பெரட்டுக்களத்தில் ஒலித்த அத்தமிழ், பாட்டாளியோடு ஒரு பந்தியில் அமர்ந்ததில்லை.

கடைத்தெருவில் மொழி வேறுவகையில் பரவிற்று. தமிழின் ‘கடை’ மலாயில் ‘கெடாய்’ ஆயிற்று. ‘கறி’ ‘காரி’ ஆயிற்று. மலாயின் ‘கெத்தா’வோ தோட்டத் தமிழரின் நாவில் ‘கித்தா’வாக நிலைபெற்றது. இங்கு ஆணையில்லை, கொள்வதும் கொடுப்பதுமே உண்டு.

எனினும், கொடுத்த சொல்லுக்கு ஈடாகச் சொல் கேட்பது வாணிகமே அன்றோ? இன்று ஈப்போவில் ஒரு தமிழ் இளைஞனும் சீன இளைஞனும் தத்தம் மொழியை ஒருவருக்கொருவர் கற்பிக்க உடன்படின், அவர்கள் நாழிகையை எண்ணிக் கணக்குப் பார்த்தல் இயல்பே. ஆனால், சேர்ந்துண்ணும்போது கணக்கு மறைகிறது. பிழையாகப் பேசியவன் நாணுவதில்லை, கேட்டவன் இகழ்வதில்லை.

வள்ளுவர் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரமாகவும் இனியவை கூறலை 10ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து அமைத்தார். சோறும் சொல்லும் ஓரறத்தின் இரு கைகள். தேர்வு மொழியறிவை அளக்கும். மொழியன்பை அளப்பது பந்தியே. மாணவர்க்கு இதனையும் கற்பித்தல் ஆசிரியர் கடன்.