போர்வையும் புத்தகங்களும்



புனித சின்னப்பர் திமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் கடைசி அதிகாரம் நமக்குத் தெரிந்ததே. ஓட்டத்தை முடித்த வீரனின் சொற்கள் அதில் உள்ளன. அதற்குச் சில வரிகள் கீழே அந்த முதியவர் கேட்கும் பொருள்களை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. துரோவா நகரில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த போர்வையைக் கொண்டுவரச் சொல்லுகிறார். புத்தகங்களை, முக்கியமாகத் தோற்சுருள்களைக் கேட்கிறார். குளிர்காலத்திற்கு முன்பே வந்துவிடும்படியும் வேண்டுகிறார். சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்தவர் கேட்டவை இவ்வளவே: குளிருக்கு ஒரு துணி, வாசிக்கச் சில ஏடுகள், அருகில் இருக்க ஒரு நண்பன்.

இவை அற்ப ஆசைகளா? இல்லை. உண்பதும் பருகுவதும் உழைப்பின் பயனில் மகிழ்வதும் இறைவனின் கொடை என்றே சபை உரையாளர் போதிக்கிறார். சின்னப்பரும் உழைத்து உண்டவர். கொரிந்து நகரில் ஆக்கிலா, பிரிஸ்கில்லா தம்பதியரோடு கூடாரம் செய்து பிழைத்தார். எழுத்தை ஒருபோதும் வயிற்றுப்பிழைப்பாக்கவில்லை.

நம் காலத்திலும் கைத்தொழிலால் வாழ்ந்துகொண்டே எழுதிய ஒருவரைக் கண்டோம். 1927இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த டொமினிக் ஜீவா, சாதியின் பேரால் அவமதிக்கப்பட்டு, சிறுவயதிலேயே பள்ளியை விட்டு, குடும்பத்தின் சிகையலங்காரத் தொழிலுக்கு வந்தவர். 1960இல் வெளிவந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற அவரது சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். ஆசிரியரும் அவரே, இதழ்களைக் கையில் சுமந்து தெருத்தெருவாக விற்றவரும் அவரே. போர்க்காலத்தில் கொழும்புக்கு இடம்பெயர்ந்தும் நிறுத்தவில்லை. எண்பது வயது கடந்தபின்னும், 2012வரை வெளியிட்டார். 2021 ஜனவரியில், 93ஆம் வயதில் காலமானார். இடதுசாரிக் கொள்கையில் நின்ற அவருடைய கருத்துகள் எல்லாவற்றோடும் நாம் உடன்படாதிருக்கலாம். ஆனால் எவரிடமும் கையேந்தாத அந்த உழைப்புக்குத் தலைவணங்காமல் இருக்க முடியுமா?

நம் வன்னி மண்ணும் எழுத்தாளரைப் பெற்ற மண்ணே. ‘பண்டாரவன்னியன்’ நாடகத்தைத் தந்த முல்லைமணி முள்ளியவளையைச் சேர்ந்தவர். 1973இல் வெளிவந்த ‘நிலக்கிளி’ நாவலின் ஆசிரியர் பாலமனோகரன் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். இவ்வளவு பெயர் பெறாதவர்களும் நம்மிடையே உண்டு. உங்கள் பங்கிலும் ஒருவர் இருக்கக்கூடும். ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார். விடிய எழும்பி, பனங்கட்டியோடு ஒரு தேத்தண்ணீர் குடித்து, வெயில் ஏறுமுன் விறாந்தையில் இருந்து கொப்பியில் இரண்டு பக்கம் எழுதுவார். பின்னேரம் வாசிகசாலைக்குப் போய்ப் பத்திரிகை பார்ப்பார். அவருடைய சந்தோஷங்கள் அவ்வளவுதான்.

அவர் எழுதுவது என்ன? குளக்கட்டு எப்படிக் கட்டப்பட்டது, காடு வெட்டிக் கமம் செய்தவர்கள் யார், ஊர்ச் சிற்றாலயத்திற்கு முதற் கல் சுமந்தவர்கள் யார் என்பவற்றை எழுதுகிறார். 2009இல் முள்ளிவாய்க்கால்வரை நடந்த நம் சனங்கள் வீட்டையும் மாட்டையும் மட்டுமா இழந்தார்கள்? பிறப்புப் பத்திரமும் குடும்பப் படமும் கொப்பிகளும் அந்த வழியிலேயே போயின. எஞ்சியிருப்பது முதியவர்களின் ஞாபகமே. அதுவும் அவர்களோடு மண்ணுக்குள் போய்விட்டால், ஊரின் கதையைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லுவார்?

நாமோ அவரை எப்படிக் கௌரவிக்கிறோம்? சொந்தக் காசில் சில நூறு பிரதிகள் அச்சிட்டு வெளியீட்டு விழா வைக்கிறார். முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று சிலர் வாங்குகிறார்கள். பொன்னாடை போர்த்திப் படம் எடுக்கிறோம். மிச்சப் புத்தகங்கள் பெட்டியோடு அவர் கட்டிலின் கீழே கிடந்து கறையானுக்கு இரையாகின்றன. சின்னப்பர் போர்வை கேட்டது குளிருக்கு; மேடையில் நிற்பதற்கு அல்ல.

ஆகவே குடும்பங்களுக்கு மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, அவருடைய புத்தகத்தை இலவசமாகக் கேளாதீர்கள். விலை கொடுத்து வாங்குங்கள். இரண்டாவது, வாசித்துவிட்டுப் போய், எந்தப் பக்கம் மனத்தைத் தொட்டது என்று அவரிடமே சொல்லுங்கள். எழுதுகிறவனுக்கு அதைவிடப் பெரிய விருந்து இல்லை. மூன்றாவது, கண்பார்வை குறைந்தவர் சொல்லச் சொல்ல உங்கள் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பேணிவரும் நூலகம் நிறுவனத்திற்கு ஒரு பிரதி சேரவும் உதவி செய்யுங்கள்.

ஐப்பசி பிறந்தால் நமக்கும் மாரி. பாதை வெள்ளமாகும், முதியவருக்கு இருமல் கூடும். வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும், வீட்டுக்குத் திரும்புமுன் அவர் படலையைத் திறந்து உள்ளே போங்கள். அரைமணி நேரம் இருந்து அவர் சொல்வதைக் கேளுங்கள். முதியவர்களைக் கைவிடாத ஆண்டவர் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக.