மூலமும் உரையும்

என் சம்பளத்தில் வாங்கிய மடிக்கணினி அது. ஒரு நாள் புதிய எழுத்துரு ஒன்றை நிறுவப் போனேன். திரையில் சிறு பெட்டி எழுந்து நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டது. கணினியை வாங்கிய அன்று எல்லாவற்றையும் அமைத்துக் கொடுத்தவர் என் கணவர். ஆகவே அதில் நிர்வாகி அவர், நான் பயனர். அலுவலகத்தில் இருந்தவரை அழைத்தேன். "சாயங்காலம் வந்து நானே போட்டுத் தர்றேன், நீ எதையும் தொட்டுடாத" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

அந்தக் கணினியில் யாருக்கும் காட்டாத கவிதைகள் இருந்தன. நிர்வாகி நினைத்தால் அவற்றைத் திறக்கலாம். அவர் திறந்திருக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது அவருடைய நற்குணம். என்னுடைய உரிமை ஆகாது. ஒருவருடைய நற்குணத்தை நம்பி வாழ்வதற்கும் தன் உரிமையில் வாழ்வதற்கும் உள்ள தூரத்தைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நமக்காக ஒருவர் செய்து தரும் உதவி, எந்த இடத்தில் நம்மிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்ளத் தொடங்குகிறது? இந்தக் கேள்விதான் என்னை ஜென்டூ லினக்ஸிடம் கொண்டுபோய் விட்டது.

வழி காட்டியவள் என் பொதுத்தமிழ் வகுப்பில் இருந்த கணினி அறிவியல் மாணவி. உரையாசிரியர்களைப் பற்றிய பாடம் அன்று. பழைய பதிப்புகளின் முகப்பில் ‘மூலமும் உரையும்’ என்று அச்சிடுவார்கள் எனச் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் வந்து நின்றாள். "அம்மா, கம்ப்யூட்டர்லயும் மூலம் இருக்கு. நாம யாரும் அதைப் பாக்கிறதில்ல" என்றாள்.

அவள் சொல்லித்தான் புரிந்தது. மனிதர் படிக்கக்கூடிய மொழியில் எழுதப்படுவது மூல நிரல். அதை எந்திரத்துக்கான வடிவுக்கு மாற்றித் தருவது கம்பைலர். நமக்கு வழக்கமாகக் கிடைப்பது மாற்றி முடித்த வடிவம் மட்டுமே. ஜென்டூ போன்ற இயங்குதளங்கள் மூல நிரலையே நம் கணினிக்குக் கொண்டுவந்து, நாம் சொல்கிறபடி அங்கேயே கட்டுகின்றன. டேனியல் ராபின்ஸ் தொடங்கிய ஜென்டூவின் 1.0 பதிப்பு 2002இல் வெளிவந்தது. வேகமாக நீந்தும் ஒரு பெங்குயின் இனத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். "சீக்கிரம் முடியணும்னா வேற இருக்கும்மா. புரியணும்னா இதுதான். கையேட்டை வரிவரியாப் படிங்க" என்றாள் மாணவி.

மே விடுமுறையில் ஆரம்பித்தேன். கவிதைகளையும் ஆய்வுக் குறிப்புகளையும் பென்டிரைவில் நகலெடுத்து வைத்துவிட்டு, ஜென்டூவின் ஆங்கிலக் கையேட்டை அச்செடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தமிழ்வழியில் படித்தவள் நான். முதல் நாள் ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் உரையோடு நூல் படிப்பது எனக்குப் பழகிய வேலை. ஒரு சொல்லில் நிற்பது, முன்னால் வந்த இடத்துக்குத் திரும்பிப் போவது, புரியாததை ஓரத்தில் குறித்துவிட்டு மேலே நகர்வது. இருபது வருடமாக இதைத்தானே செய்கிறேன்!

கையேட்டில் எனக்குப் பிடித்தது அது என்னிடம் பேசிய விதம். வட்டைப் பிரிக்கும் இடத்தில், தவறினால் உள்ளதெல்லாம் அழியும் என்று எச்சரித்தது. எச்சரித்துவிட்டு முடிவை என்னிடம் விட்டது. இறக்கிய அடிப்படைத் தொகுப்பின் கையொப்பம் சரிதானா என்று என்னையே சோதிக்கச் சொன்னது. இரண்டு வழி இருக்கும் இடங்களில் இரண்டையும் சொல்லி, எதற்கு எது பொருந்தும் என்றும் சொன்னது. "நீ தொடாதே" என்று ஓர் இடத்திலும் இல்லை.

உரை என்பதே நடுநிலையானது என்று நான் சொல்ல வரவில்லை. திருக்குறளுக்கு உரை எழுதப் புகுந்த பரிமேலழகர், அறம் எது என்பதற்கு மனுவைத் துணைக்கு அழைத்தவர். மூலம் நம் கையில் இருப்பதால்தான் அந்த உரையோடு இன்றும் சண்டை போட முடிகிறது. மூலத்தோடும்தான். ‘பெண்வழிச் சேறல்’ என்ற அதிகாரத்தை ஒவ்வொரு ஆண்டும் மாணவிகளுக்கு முன்னால் நடத்துகிறவளுக்கு இது தெரியும். படிப்பது வேறு, பணிவது வேறு.

ஜென்டூவில் ‘யூஸ் ஃபிளாக்’ என்று ஒன்று உண்டு. ஒரு மென்பொருளில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு கோப்பில் எழுதி வைக்கலாம். வேண்டாததற்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. மற்ற இடங்களில் ‘வேண்டாம்’ என்றால் பெரும்பாலும் அது கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும், அவ்வளவுதான். இங்கே அந்த வசதி கட்டப்படுவதே இல்லை. என் வாழ்க்கையில் எத்தனை ‘வேண்டாம்’களுக்கு அந்தப் பலம் இருந்தது என்று யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ரூட் என்னும் முதன்மைக் கணக்குக்குக் கடவுச்சொல் வைக்கும் கட்டம் வந்தது. தட்டச்சு செய்யும்போது திரையில் ஒன்றுமே தெரியாது, ஒரு புள்ளிகூட. இரண்டு முறை அடித்தேன். ஏற்றுக்கொண்டது. ரூட் என்றால் வேர். நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக, வீட்டில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு சொல் எனக்கென்று இருந்தது.

பெருமை ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் கருவை, ஆயத்தமாகவும் எடுத்துக்கொள்ளலாம், நாமே ஒவ்வொன்றாகத் தேர்ந்தும் அமைக்கலாம் என்றது கையேடு. நான் வீறாப்பாக இரண்டாவதை எடுத்தேன். மறுதொடக்கம் செய்ததும் கறுப்புத் திரை. ரூட் வட்டை ஏற்ற முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. இரவு பதினொரு மணி. "கொடு, நான் பாக்கறேன்" என்றார் கணவர். கொடுத்திருப்பேன். எப்படியோ, "நீங்க சும்மா பக்கத்துல உக்காருங்க, போதும்" என்றேன். உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். என் வட்டின் கோப்பு முறைமையைக் கெர்னலில் சேர்க்காமல் விட்டிருந்தேன் என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அதைச் சேர்க்கச் சொல்லும் வரி கையேட்டில் இருந்தது. நான்தான் தாண்டிப் போயிருந்தேன்.

அந்த இரண்டு நாளும் எனியாக் பெண்களை நினைத்துக்கொண்டேன். 1945இல் அமெரிக்காவில் எனியாக் கணினிக்கு நிரல் அமைக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு பெண்களுக்குப் படிக்க ஒரு கையேடு இல்லை. தொடக்கத்தில் எந்திரம் இருந்த அறைக்குள் போகவும் அனுமதி இல்லை. அதன் வரைபடங்களைப் பார்த்தே கற்றார்கள். 1946 பிப்ரவரியில் எனியாக்கை உலகுக்குக் காட்டிய விழாவில் அவர்களை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. அதே ஆண்டு அந்த எந்திரத்துக்கு விரிவான தொழில்நுட்ப விளக்கம் எழுதியவரும் ஒரு பெண்தான், அடேல் கோல்ட்ஸ்டைன். எந்திரத்தைக் கட்டியவரின் பெயர் நிலைக்கிறது. அடுத்தவர் கற்றுக்கொள்ள எழுதி வைத்தவரைத் தேடிப் போனால்தான் தெரிகிறது.

ஆனால் இதிலிருந்து, எல்லாவற்றையும் நானே செய்வதுதான் சுதந்திரம் என்று முடிவு கட்டினால் பொய்யாகிவிடும். யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன், டூரிங் விருது பெற்று ஆற்றிய உரை 1984இல் அச்சில் வந்தது. மூல நிரலில் ஒரு குறையும் தெரியாதபடி, கம்பைலருக்குள்ளேயே வஞ்சகத்தை ஒளித்து வைக்க முடியும் என்று அதில் காட்டினார். எவ்வளவு படித்தாலும் எங்கோ ஓரிடத்தில் யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும். ஜென்டூவே 2023 டிசம்பரில், கட்டி முடித்த மென்பொருள்களையும் பரவலாகத் தருவதாக அறிவித்தது. என் பழைய கணினியில் பெரிய உலாவி ஒன்றைக் கட்டுவதற்கு ஓர் இரவு போதவில்லை. இப்போது அதை ஆயத்தமாகவே எடுத்துக்கொள்கிறேன். இதில் எனக்குத் தோல்வி ஏதும் தெரியவில்லை. எதை நம்பிக் கொடுத்தேன் என்று தெரியும். வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளவும் தெரியும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த மே மாதம் முழுக்க நான் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வீட்டுப் பாத்திரங்களைத் துலக்கியவர் ஓர் அக்கா. கற்பதற்கு நேரம் வேண்டும். என் நேரம் அவருடைய உழைப்பிலிருந்து வந்தது.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதிலிருந்து மாதம் ஒரு முறை அவர் தன் கைபேசியை என்னிடம் நீட்டுவார். "ஆயிரம் ரூபா வந்துடுச்சான்னு பாருங்க டீச்சரம்மா." வங்கியின் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் இருக்கும். ஜூன் மாதம் அவர் நீட்டியபோது என் வாயில் வந்தது: "குடுங்க, நான் பாக்கறேன்." சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று உறைத்தது. அவர் உரிமைத் தொகைக்கு நான் நிர்வாகியாக இருந்திருக்கிறேன், அன்பாக.

அன்று மாலை ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் நான்கு படிகள் எழுதினேன். செய்தியைத் திறக்க எதைத் தொட வேண்டும், வங்கியின் பெயர் எப்படி இருக்கும், ‘வரவு’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் வடிவம் என்ன, தொகை எந்த இடத்தில் இருக்கும். அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தார். கைபேசியில் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். பிறகு தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"போன மாச மெசேஜும் இதே மாதிரிதானே இருக்கு? தேதி எங்க பாக்கணும்னு எழுதலையே நீங்க."

உண்மைதான். ஐந்தாவது வரியை எழுதிக் கொடுத்தேன்.