உயிர்காப்புப் படகுகளின் எடை

எண்ணிப் பார்க்கக்கூடியவை எல்லாம் சரியாகவே இருந்தன. 1915 ஜூலை 24, சனிக்கிழமை காலை. சிகாகோ ஆற்றின் தென்கரையில், கிளார்க் தெருப் பாலத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஈஸ்ட்லாண்ட் என்ற உல்லாசக் கப்பலில் 11 உயிர்காப்புப் படகுகள், 37 மிதவைகள், ஏறியவர் அனைவருக்கும் போதுமான மிதவைச் சட்டைகள். 7:28 மணிக்கு அது இடப்புறமாகச் சாய்ந்து ஆற்றுக்குள் படுத்துவிட்டது. அங்கே தண்ணீரின் ஆழம் சுமார் 20 அடி. கரையும் அவ்வளவு தூரம்தான். பயணம் தொடங்கவே இல்லை. 844 பேர் இறந்தார்கள். அத்தனை படகுகள் இருந்தும் அவை யாருக்கும் உதவவில்லை.

வந்தவர்கள் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் டெலிபோன் கருவிகள் செய்த தொழிலாளர்களும் அவர்கள் குடும்பத்தாரும். செக், போலந்து பகுதிகளிலிருந்து பிழைக்க வந்து குடியேறியவர்கள் அவர்களில் ஏராளம். வருடத்துக்கு ஒருநாள், ஏரியைக் கடந்து மிச்சிகன் சிட்டிக்குப் போய் வரும் உல்லாசப் பயணம். லேசான தூறல் விழுந்ததால் பெண்களும் குழந்தைகளும் உள்தளங்களுக்கு இறங்கியிருந்தார்கள். கப்பல் முதலில் கரைப்பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. இப்படிப் பலமுறை. சாய்ந்தபோது சிலர் சிரித்ததாகவும் சொல்கிறார்கள். விடுமுறை நாளில் தரை ஆடினால் சிரிப்பு வருவது இயல்புதானே. ஒருவர்கூட மிஞ்சாமல் அழிந்த குடும்பங்கள் மட்டும் 22.

இந்தக் கப்பலின் கதை பழக்கூடைகளில் தொடங்குகிறது. மிச்சிகன் ஏரியின் கீழைக்கரையிலுள்ள சௌத் ஹேவனிலிருந்து சிகாகோவுக்குப் பழமும் பயணிகளும் ஏற்றிச் செல்ல, போர்ட் ஹ்யூரானிலிருந்த ஜெங்க்ஸ் நிறுவனம் இதைக் கட்டி 1903 மே மாதம் நீரில் இறக்கியது. சரக்குக் கப்பல் கட்டிப் பழகிய நிறுவனம் அது. பயணிகள் கப்பல் அதற்குப் புதிது. நீளம் ஏறக்குறைய 270 அடி, அகலம் 38 அடி, அதன்மேல் நான்கு தளங்கள். சௌத் ஹேவன் துறைமுகத்தில் ஆழம் குறைவு என்பதால் கப்பலின் அடிப்பகுதியும் நீரில் அதிகம் இறங்கக் கூடாது. வேகம் வேண்டும், அதனால் ஒடுக்கமான உடல். ஆள் நிறைய ஏற வேண்டும், அதனால் உயரம். இந்த மூன்று ஆசைகளில் எதுவும் தனித்தனியே குற்றமில்லை.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தட்டினால் திரும்ப எழுந்து நிற்பதற்குக் காரணம், எடை முழுவதும் அடியில் இருப்பது. ஈஸ்ட்லாண்டின் அடியில் இருந்த எடை தண்ணீர். தொட்டிகளில் ஆற்றுநீரை நிரப்பினால் கப்பல் நிமிரும். வெளியேற்றினால் மிதந்து உயரும். ஆள் ஏறும் வாசல்கள் தாழ்வாக இருந்ததாலும், துறைமுகங்களில் ஆழம் போதாததாலும் தொட்டிகளைக் காலியாக்குவது வழக்கம். எந்தத் தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று காட்டும் அளவி கிடையாது. நிரம்பவும் நேரம் பிடிக்கும். ஆக, ஆயிரக்கணக்கானவர்களின் உயிர் எந்திர அறையில் இருந்தவரின் ஊகத்தில் மிதந்தது.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. முதல் பருவம் முடிந்ததும் வேகத்தைக் கூட்டவும் காற்றைக் குளிர்விக்கவும் மாற்றங்கள் செய்தார்கள். மேலே இன்னும் எடை ஏறியது. 1904 ஜூலையில் ஏறக்குறைய 3,000 பேருடன் அது ஆபத்தாகச் சாய்ந்தது. பயணிகள் எண்ணிக்கையின் உச்சவரம்பை 2,800 ஆகக் குறைத்தார்கள். கப்பலின் வடிவத்தை யாரும் தொடவில்லை. பிறகு அது ஈரி ஏரிக்குக் கைமாறியது. அங்கேயும் வதந்தி கிளம்ப, 1910-ல் அன்றைய உரிமையாளர்கள் கிளீவ்லாண்ட் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள்: இது பாதுகாப்பற்ற கப்பல் என்று சொல்லும் கப்பல் பொறியாளரைக் காட்டுவோருக்கு 5,000 டாலர். பரிசை யாரும் வாங்கவில்லை. அன்றைய அமெரிக்க ஆய்வாளர்கள் கொதிகலனையும் படகுகளையும் பார்த்துச் சான்று கொடுத்தார்கள். கப்பல் நிமிர்ந்து நிற்குமா என்று சோதிக்கச் சட்டம் சொல்லவில்லை.

1912-ல் டைட்டானிக் மூழ்கியது. படகுகள் போதவில்லை என்பதை உலகமே கண்டுகொண்டது. 1915 மார்ச் 4 அன்று அதிபர் வில்சன் கையெழுத்திட்ட மாலுமிகள் சட்டம், கப்பல்களில் படகுகளைப் பெருக்கச் சொன்னது. ஏரிக் கப்பல்களின் மேல்தளத்தில் இவ்வளவு எடையை ஏற்றினால் சில கவிழும் என்று கப்பல் கம்பெனி மேலாளர் ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். லாபத்துக்காகப் பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள், லாபத்துக்காகவும் பேசியிருக்கலாம். சொன்னது மெய் என்பதை அது மாற்றவில்லை. சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பே, ஜூலை 2 அன்று ஈஸ்ட்லாண்டின் உச்சியில் மேலும் மூன்று படகுகளும் ஆறு மிதவைகளும் ஏறின. கீழேயோ, மட்கிய பலகைக்குப் பதிலாகத் தளத்தில் சிமென்ட் கான்கிரீட் போட்டிருந்தார்கள். படகு கூடியதால் ஆளும் கூடலாம் அல்லவா? இடையில் 2,183 ஆகக் குறைந்திருந்த அனுமதி 2,500 ஆயிற்று. மூன்று வாரத்தில், புது அனுமதியின்படி முழுதாக நிரம்பிய முதல் நாளில், அது கவிழ்ந்தது.

இதற்காகச் சட்டத்தைத் திட்டுவது சுலபம். டைட்டானிக்கில் படகு இல்லாமல் செத்தவர்களும் பொய்யில்லை. ஆனால் பத்திரிகைப் படத்தில் தெரிவது படகு. புவியீர்ப்பு மையம் எந்தப் படத்திலும் தெரியாது. தெரிந்ததற்குச் சட்டம் போட்டார்கள்.

குற்ற வழக்கில் யாரும் தண்டிக்கப்படவில்லை. தலைமைப் பொறியாளர் எரிக்சனுக்காக வாதாடியவர் புகழ்பெற்ற கிளாரன்ஸ் டாரோ. எரிக்சன் 1919-ல் இறந்தார். இழப்பீட்டு வழக்கு 1935 வரை இழுத்தது. கப்பல் பழுதில்லாதது, தொட்டிகளைச் சரியாக நிரப்பாத பொறியாளரே காரணம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடித்தது. பதினாறு ஆண்டுக்கு முன் இறந்தவர் மறுக்கவா போகிறார். கப்பல் கம்பெனியின் பொறுப்போ மீட்கப்பட்ட கப்பலின் விலைக்கு உட்பட்டது. அது ஏலத்தில் போனது 46,000 டாலருக்கு. இறந்தவர்களுக்குள் பங்கிட்டாலும் தலைக்கு 55 டாலர் தேறாது. அதையும் மீட்புச் செலவு முந்திக்கொண்டது.

கப்பலுக்கு ஆயுள் கெட்டி. கடற்படை அதை வாங்கி, உயரத்தைக் குறைத்து, பீரங்கி பொருத்தி, 1918-ல் வில்மெட் என்ற பெயரில் பணியில் சேர்த்தது. சரணடைந்த ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்றை அது 1921-ல் மிச்சிகன் ஏரியில் சுட்டு மூழ்கடித்தது. இரண்டாம் உலகப் போரிலும் மாலுமிகளுக்குப் பயிற்சி தந்தது. மேல்தளங்கள் போன பிறகு 1945 வரை அது கவிழவே இல்லை. அந்தத் திருத்தத்தைச் செய்ய எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.