அடைக்கலப் பொருள்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட இயலவில்லை. 28 உயிர்கள் பலியாயின. இத்தகைய இடங்களுக்கு நோயாளிகளை அழைத்து வருபவர்கள் பெரும்பாலும் பகைவர்கள் அல்லர். குணமடைய வேண்டுமென ஏங்கும் பெற்றோரும் உடன்பிறந்தோருமே.

அப்படியானால், அன்பின் பெயரால் ஒருவரது விருப்பத்தை மீறலாமா?

‘நோயாளிக்கு என்ன தெரியும்?’ என்பது ஒரு விடை. அது மனிதரைப் பொருளாக்கிவிடுகிறது. ‘அவர் விருப்பம், விட்டுவிடுங்கள்’ என்பது மற்றொன்று. அது, உணவையும் மருந்தையும் மறுத்து உயிரை மாய்த்துக்கொள்ள முனையும் மகனின் அருகே செய்வதறியாது நிற்கும் தாயைக் கைவிட்டுவிடுகிறது.

2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இவ்விரண்டுக்கும் இடையே வழி காண முயல்கிறது. கடுமையான மனநோயால் தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையிலும், தம்மைப் பேணிக்கொள்ள இயலாத நிலையிலும், ஒருவரை அவரது இசைவின்றி மருத்துவமனையில் சேர்க்கலாம். ஆனால் மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும். 30 நாட்களுக்கு மேல் நீட்டிக்க மறுஆய்வு வாரியத்தின் அனுமதி வேண்டும். நோயாளியும் அவ்வாரியத்திடம் முறையிடலாம். சங்கிலியிடுவது எவ்வகையிலும் கூடாது. தெளிந்த நிலையில் உள்ளபோதே, பின்னாளில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவைக்கவும் உரிமை உண்டு.

இதன் உட்பொருள் வேதாந்திக்குப் புதிதன்று. மனம் ஒரு கருவி. கருவி பழுதுற்றதால் அதற்குச் சாட்சியாக விளங்கும் ஆன்மாவின் மகிமை குறைவதில்லை. உயிர்களிடம் இரக்கம் காட்டுவதைவிட, அவற்றைச் சிவமெனக் கருதித் தொண்டு செய்வதே உயர்ந்தது என்று ஸ்ரீராமகிருஷ்ணர் உணர்த்தினார். இரக்கம் மேலிருந்து குனிந்து பார்க்கிறது; ஆகவே சங்கிலியைக்கூட நன்மையென நம்பிவிடுகிறது. தொண்டோ எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்கிறது.

நோயுற்றவருக்காகப் பிறர் எடுக்கும் முடிவு, அவரிடமிருந்து பெற்ற அடைக்கலப் பொருள் போன்றது. தேவையான காலம் மட்டும் அதைக் காத்து, அவர் தெளிந்ததும் குறையாமல் திருப்பித் தருவதே அறம். மீண்டு வந்தவர் ஒருநாள், ‘அன்று என்னை என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கக்கூடும். எதையும் மறைக்காமல், தலைகுனியாமல் அவருக்கு விடை கூற முடியுமானால், அன்று செய்தது கருணையே.