ஒரு க்ளிக்

முன் சக்கரத்தின் நடுவில் ஒற்றை நட். டிரைவ் ஷாஃப்டை ஹப்போடு பிடித்து வைப்பது அதுதான். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியதால் ஷாஃப்டை வெளியே எடுத்திருந்தேன். மாட்டுவதற்கு முன் மரையைத் துடைக்கிறேன். துடைக்கத் துடைக்கக் கறுப்பு வந்துகொண்டே இருக்கிறது.

*

நாம் முறுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் உள்ளே இழுவையாகச் சேர்கிறது. மற்றதெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்ந்தே தீர்ந்துபோகிறது. மரையில் துரு இருந்தால் கைக்கு இறுக்கமாகத் தெரியும். உள்ளே பிடிப்பு இருக்காது. எண்ணெய் பட்டிருந்தால் தலைகீழ். அதே முறுக்குக்கு இழுவை எகிறிவிடும். எத்தனை வருடம் ஸ்பேனர் பிடித்த கையானாலும் இந்த இடத்தில் ஏமாறும்.

*

மேனுவல் சொல்வது 200 நியூட்டன் மீட்டர். அரை மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 40 கிலோ. ஸ்பேனரில் பைப்பைச் செருகி அதன்மேல் ஏறி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒல்லிப் பையன் ஏறினால் ஒரு இறுக்கம், முதலாளி ஏறினால் இன்னொரு இறுக்கம்.

*

பல கார்களில் வீல் பேரிங்கின் உள்வளையங்களைச் சேர்த்து அழுத்திப் பிடிப்பதும் இதே நட்தான். ஒருமுறை வெயிலுக்குப் பயந்து, நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, வண்டியை மர நிழல்வரை தள்ளினேன். பத்தடிகூட இருக்காது. சில வாரங்களில் அந்தச் சக்கரம் வண்டுபோல் ரீங்கரிக்கத் தொடங்கியது. அதற்குப் பிறகு, சக்கரம் தரையைத் தொடும் முன்பே முழு இறுக்கமும் முடித்துவிடுகிறேன்.

*

சக்கரம் சுழலாமலிருக்க மகளைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன்.

"எவ்வளவு நேரம்ப்பா?"

"க்ளிக்னு கேக்குற வரைக்கும்."

200-ல் க்ளிக் சொல்லும்படி வைத்த டார்க் ரெஞ்சை வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக இழுக்கிறேன். க்ளிக். இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கச் சொல்கிறது கை. அந்த இரண்டாவது க்ளிக் அளவுக்கு மேல் போய்விடும். ரெஞ்சைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

நட் புதியது. பழையதன் விளிம்பு உதடு ஏற்கெனவே மடங்கி நிமிர்ந்தது; இன்னொரு முறை மடங்கினால் விரிசல் விடலாம். மொட்டை முனைப் பஞ்சை வைத்து, நட் கழலாதபடி புது உதட்டை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி இறக்கினேன். ரெஞ்சின் ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அளவின் அடிக் கோட்டுக்குத் திருப்பிப் பெட்டியில் வைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால், மகள் இன்னும் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.